பேதுருவின் மூன்று விரல்கள்

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் நின்று கூவினால் எதிரே மண்டைதீவில் நாய் குரைக்கும். அப்படி ஒரு தொண்டை அந்தக் கரையில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது: மீன் சந்தையில் ஏலம் கூறுகிற பேதுருவுக்கு. இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை. நம்ப மனமில்லாதவர்கள் பாஷையூரில் போய்க் கேட்கட்டும். அங்கேயும் கேட்ட குரல் அது.

பேதுரு படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. தகப்பன் கூலிக்கு வலை இழுத்தவர். வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் கடலின் விருப்பமாக இருந்தது. மகன் கூடை சுமந்தான், ஐஸ் உடைத்தான், சம்மாட்டி முதலாளிமாரின் வள்ளம் கழுவினான். ஒரு நாள் சந்தையில் ஏலம் கூறுகிறவருக்குக் குலைப்பன் காய்ச்சல். மீன் குவிந்து கிடக்கிறது, வெயில் ஏறுகிறது, ஐஸ் உருகி ஓடுகிறது, பெரிய மனுசரெல்லாம் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மீசை சரியாக முளைக்காத பேதுரு ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினார். அவர் வாயைத் திறந்தபோது அலையே ஒருக்கால் நின்று கேட்டது என்று சொல்வார்கள். மிச்ச ஐஸ் உருக முன்னம் கடைசி ஓரா மீனும் விற்றுப் போயிற்று. அன்றைக்கு ஏறியவர்தான். பிறகு அந்தப் பெட்டியிலிருந்து அவரை இறக்க ஒருவர் பிறக்கவில்லை.

சண்டைக்காலத்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது சந்தைக்குக் கூரை இல்லை, தராசு இல்லை. பேதுருவின் தொண்டை இருந்தது. அதை வைத்துத்தான் சந்தை மறுபடி தொடங்கியது. இன்றைக்குக் கடலைப் பார்த்தபடி நிற்கிற அவருடைய மேல்வீட்டின் ஒவ்வொரு கல்லும் அந்தத் தொண்டை வழியாக வந்த கல். படித்தவர்கள் பலர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது.

சந்தைக்குச் சட்டம் போட்டவரும் அவரே. கூடைக்காரப் பெண்கள் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியாமல் ஏலம் கேட்க விரும்புவார்கள். கூடையின் விளிம்பில் வைத்த கையில் ஒரு விரலை மெல்ல உயர்த்துவார்கள். அவ்வளவுதான் ஏலக்கேள்வி. பிறகு விலை பிடிக்காவிட்டால், "நான் கேக்கேல்லை, நுளம்பு கடிச்சுது" என்று சண்டை. பேதுரு ஒரே பேச்சில் அதை நிறுத்தினார்.

"விரல் எழும்பினால் கேட்டது கேட்டதுதான். நுளம்பு கடிச்சாலும், பாம்பு கடிச்சாலும், மீன் உங்கடை."

அதற்குப் பிறகு சந்தையில் நுளம்புக்கு வேலையில்லாமல் போயிற்று.

மீனவர் சங்கம் ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தபோதும் அவர் அதைத் தொடவில்லை. "உது குரல் இல்லாதவனுக்கு" என்று சொல்லி, தனக்குக் கீழே வேலை பழகிக்கொண்டிருந்த மச்சான் எமில்ராஜின் கையில் கொடுத்துவிட்டார். எமில்ராஜ், பேதுருவின் மனைவி யசிந்தாவின் தம்பி. கெட்ட பிள்ளை இல்லை. குரல்தான் கோழிக்குஞ்சின் குரல்.

ஒரு மாரி கழிந்த கையோடு பேதுருவின் குரல் கரகரத்தது. கொத்தமல்லி அவித்துக் குடித்தார், தேன் நக்கினார், வேலைக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. ஒரு காலைப்பொழுது, நல்ல அறக்குளாக் குவியல் ஒன்றுக்கு ஏலம் ஏறிக்கொண்டிருக்கும்போது, "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று வந்த வாயிலிருந்து அடுத்த சொல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் காற்று. சந்தை முழுக்க அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மூண்டுதரம்" என்றான் எமில்ராஜ், ஒலிபெருக்கியில்.

அந்தச் சொல் பேதுருவைச் சுட்டது போல வேறெதுவும் அவரைச் சுட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, தொண்டையின் படத்தைத் திரையில் காட்டினார்கள். குரல் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் தடித்துப் போயிருந்தது.

"வலை இழுக்கிறவையின்ரை கையிலை காய்ப்பு வாறதெல்லே? அப்பிடித்தான் ஐயா, கத்திக் கத்தி உள்ளுக்கை காய்ச்சுப் போச்சு" என்றார் டொக்டர். "இனிக் கதைக்கவே கூடாது. காதோடை குசுகுசுக்கவும் கூடாது. திருநாள் முடிஞ்ச கையோடை திரும்பப் பாப்பம். இளகியிருந்தால் நல்லது. இல்லாட்டி வெட்ட வேணும். வெட்டினால் பழைய குரல் வருமெண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். இடையிலை ஒருக்கால் வாய்விட்டுக் கத்தினியளெண்டாலும் கதை முடிஞ்சுது."

திருநாள் என்று அவர் சொன்னது குருநகர்க் கோயில் திருநாளை. திருநாள் பூசை முடிந்ததும் வள்ளக்காரர்கள் நேர்ந்து கொடுக்கிற மீனைக் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவது வழக்கம். ஒரு தலைமுறை என்று சொல்லத்தக்க காலமாக அதைக் கூறி வந்தவர் அவர்.

வாய் மூடியது. வேண்டியதை எழுதிக் காட்டும்படி யசிந்தா கொப்பி வாங்கி வைத்தாள். மூன்றாம் வகுப்பு எழுத்தை ஊருக்குக் காட்ட பேதுருவுக்கு விருப்பமில்லை. கையாலும் புருவத்தாலும் காரியம் பார்த்தார். சொல்லப்போனால் அந்தப் புருவத்துக்கும் நல்ல குரல் இருந்தது.

கூடைக்கார மேர்சிக்கு அது பொற்காலம். பேதுரு கடற்கரை வீதியில் நடக்க வெளிக்கிட்டால் அவளும் கூடையோடு பக்கத்தில் நடப்பாள்.

"அண்ணை, இவ்வளவு காலமும் நீங்கள் கத்த நாங்கள் கேட்டம். இண்டைக்கு நான் கதைக்கிறன், நீங்கள் கேளுங்கோ. போன தவசுகாலத்திலை எனக்கு ஒரு திருக்கைக் குவியல் தந்தியளே, ஞாபகமிருக்கோ? அடியிலை முழுக்கச் சேறு. ஓமோ இல்லையோ? தலையாட்டுங்கோ. பாத்தியளே, ஆட்டமாட்டார்! இந்த மனுசன் ஊமையாய் இருந்தும் வழக்கிலை தோக்காது."

பேதுரு புருவத்தை உயர்த்திவிட்டு நடந்தார்.

டொக்டர் அவரை ஜெயனி என்ற பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பியிருந்தார். மெலிந்த, சிரித்த முகத்துப் பிள்ளை. அவள் அவருடைய கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, வாய் மூடிக் கிடக்கு. தொண்டை கத்திக்கொண்டுதான் இருக்கு. உள்ளுக்கை ஆரோடை சண்டை?"

பேதுரு வானத்தைப் பார்த்தார். ஒருவரோடு என்றால் சொல்லலாம்.

"காலமை எழும்பின உடனை ஓரிடத்திலை இருங்கோ. கண்ணை மூடுங்கோ. மூச்சு தொண்டையாலை போய் வாறதை மட்டும் கவனியுங்கோ. நினைப்பு வரும். வரட்டும். பின்னாலை போகாதேங்கோ. தொண்டை தானாய் இளகும்."

எவ்வளவு நேரம் என்று அவர் மணிக்கட்டைத் தட்டிக் கேட்டார்.

"கொஞ்ச நேரம் போதும். ஆனால் நாளைக்கும் இருக்க வேணும்."

இது என்ன பெரிய வேலை என்று பேதுரு நினைத்தார். புயலில் நின்று கூவியவருக்குச் சும்மா இருப்பது ஒரு வேலையா? மறுநாள் கோயிலின் விடியற்காலை மணி அடித்ததும் மேல்வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, அடுத்த பூசை மணி வரைக்கும் எழும்புவதில்லை என்று தீர்மானித்து உட்கார்ந்தார். சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த மணி வரைக்கும் எழும்பவில்லை.

"நல்ல தியானம்" என்றாள் யசிந்தா, தேத்தண்ணீரை நீட்டியபடி. "குறட்டை கீழ்வீட்டுக்குக் கேட்டுது."

அதற்கடுத்த நாள் நித்திரை வரவில்லை. எமில்ராஜின் குரல் வந்தது. சந்தை அந்த விறாந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான். பேதுரு அங்கே நிற்க வேண்டிய அதே நேரத்தில் அவர் இங்கே கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ஒலிபெருக்கி ஒவ்வொரு சொல்லாகக் கொண்டுவந்து காதில் ஊற்றியது. விலையை ஏற்ற வேண்டிய இடத்தில் இறக்கினான். இழுக்க வேண்டிய இடத்தில் வெட்டினான். மூச்சாவது, தொண்டையாவது! பேதுருவின் பல்லெல்லாம் கடிபட்டது. பாதியில் எழுந்து போனார். மறுநாள் உட்காரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"என்னப்பா, கடையைப் பூட்டியாச்சோ?" என்று யசிந்தா கேட்டாள். அவள் கதிரையைத் துடைத்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த முறை ஜெயனி கழுத்தில் விரலை வைத்ததும் அவளுடைய முகத்துச் சிரிப்பு குறைந்தது. "அப்பிடியே கிடக்கு ஐயா. இறுக்கம் ஒரு துளியும் குறையேல்லை. திருநாளுக்கு எவ்வளவு காலம் கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியும்."

பேதுரு திரும்பி வரும் வழியில், எமில்ராஜ் காலம் முழுக்க 'மூண்டுதரம்' சொல்லிக்கொண்டிருப்பதையும், தான் ஓரத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பதையும் நினைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கதிரையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

விடிந்ததும் மறுபடி உட்கார்ந்தார். மறுபடியும் எமில்ராஜ். அப்போதுதான் தொழில்காரனுக்குத் தொழில் கை கொடுத்தது. மனதில் வருகிற ஒவ்வொரு நினைப்பையும் ஒரு மீனாக எடுத்துத் தரையில் போட்டார். எமில்ராஜ் மேல் வந்த எரிச்சலா? இந்தா, பெரிய சுறா. ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம். போய்விட்டது. விற்ற மீனை இன்னொருமுறை தொட்டுப் பார்க்கிற வழக்கம் பேதுருவுக்கு இல்லை. அடுத்தது மேர்சியின் திருக்கைச் சேறு. ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம். அதுவும் போயிற்று. வெட்டப் போகிற கத்தியின் பயம் வந்தது. அது கொஞ்சம் பாரமான மீன், இரண்டு முறை கூறித்தான் போனது. ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வெறுந்தரை தெரிந்தது. அந்த வெறுந்தரையில் மூச்சு வந்து போவது முதல்முறையாகப் புலப்பட்டது.

முனிவர்கள் காட்டில் போய்த் தேடியதை பேதுரு மீன்சந்தையிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பெருமையைச் சொல்ல வாய் இல்லாதபடியால் கையைக் காலை ஆட்டி ஜெயனிக்கு நடித்துக் காட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கழுத்தில் கை வைத்தபடியே இன்னொருமுறை செய்யச் சொன்னாள்.

"ஐயா, நல்ல வழி. ஆனால் நீங்கள் உள்ளுக்கையும் ஏலம் கூறுறியள். மனசுக்குள்ளை கத்தினாலும் தொண்டை இறுகுது, இஞ்சை பாருங்கோ. சொல்லை விடுங்கோ. கையாலை செய்யுங்கோவன்."

அப்படியே செய்தார். முழங்காலில் கையை வைத்துக்கொண்டார். நினைப்பு வந்தால் ஒருதரத்துக்குச் சுட்டுவிரல், இரண்டாம் தரத்துக்கு நடுவிரல், மூன்றாம் தரத்துக்கு மோதிரவிரல். ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல உயரும். பிறகு கை தாழும். சொல்லே இல்லை.

அதற்குப் பிறகு கதிரை வெறுமையாகக் கிடக்கவில்லை. மழை தூறினால் கதிரையை உள்ளே இழுத்துப் போட்டார். காய்ச்சல் வந்தபோது போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் இருந்தபடியே விரலை உயர்த்தினார். சில நாள் பத்து மூச்சு விடுவதற்குள் சலித்து எழும்பினார். ஆனாலும் மறுநாள் வந்தார். வாயில் வெற்றிலை போடுகிறவனுக்கு வெற்றிலை போல அந்த இருப்பு அவருக்குத் தேவைப்படத் தொடங்கியது.

யசிந்தாவுக்கு முதலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. "இப்பிடிக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது எங்கடை வேதத்திலை இருக்கோ சுவாமி?" என்று கோயிலில் போய்க் கேட்டாள்.

"உம்முடைய மனுசன் வாய் மூடி இருக்கிறதே ஒரு புதுமையம்மா" என்று சுவாமியார் சொன்னாராம். "ஆண்டவருக்கும் கொஞ்சம் கதைக்க இடம் கிடைக்கட்டும்."

ஒரு காலை அவள் அடுப்படியில் நின்று திடீரென்று காது கொடுத்தாள். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், வேலைக்கு வெளிக்கிடுகிற பேதுருவின் சத்தத்துக்குள் அந்த மணி அவளுக்குக் கேட்டதே இல்லை. கடைசித் தட்டு ஓயும் வரைக்கும் கையில் அகப்பையோடு நின்றாள்.

திருநாள் வந்தது. கொடி ஏறி, நவநாள் நடந்து, பெரிய பூசையும் முடிந்தது. கோயில் முற்றத்தில் சனம் முட்டி வழிந்தது. பேதுருவுக்கு ஏலம் கூற முடியாது என்றாலும் மரியாதைக்குக் குறைவில்லை. முன்வரிசையில், ஏல மேசைக்கு நேர் எதிரே, வேப்பமர நிழலில் ஒரு கதிரை. இந்த ஊரில் எத்தனை பேருக்கு முன்வரிசைக் கதிரை கிடைக்கும்? வெள்ளை வேட்டியும் சட்டையுமாக உட்கார்ந்தார்.

முதல் மீனாக ஒரு கலவாய் வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அந்த வருடம் கரையில் அதைப்போல ஒன்று ஏறவில்லை. எமில்ராஜ் ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

மீனைப் புரட்டிக் காட்டவில்லை. செவுள் பூவைத் திறந்து சிவப்பைக் காட்டவில்லை. கொண்டுவந்த வள்ளத்தின் பெயரைச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் விலையைக் கேட்கிறான்! "மீனைப் புரட்டடா!" என்ற சொல் பேதுருவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரு சொல். ஒரே ஒரு சொல் அந்த முற்றத்தின் இரைச்சலைத் தாண்ட வேண்டுமென்றால் எவ்வளவு கத்த வேண்டுமென்று அவருக்குத் தெரியும். டொக்டரின் முகம் நினைவுக்கு வந்தது. உடனே கண்ணை மூடினார். கையை முழங்காலில் வைத்தார்.

மீனைப் புரட்டாத எரிச்சல் வந்தது. சுட்டுவிரல். நடுவிரல். மோதிரவிரல். போயிற்று.

அது என்னுடைய இடம் என்ற நினைப்பு வந்தது. சுட்டுவிரல். நடுவிரல். மோதிரவிரல்.

எங்கோ கை தட்டினார்கள். எமில்ராஜின் வளவள ஏலத்துக்குக் கைதட்டும் ஒரு கேடா! அது பெரிய சுறாவாக வந்து விழுந்தது. அதையும் மெல்ல, அவசரப்படாமல், விரல் விரலாக விற்றார். கூட்டம் இன்னும் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தையும் விற்றார். பிறகு வெறுந்தரை. மூச்சு போய் வந்தது. அந்த இரைச்சலுக்குள்ளும் அப்படி ஓர் அமைதி அவருக்குக் கிடைத்தது என்பது சும்மா விட்டுவிடுகிற காரியமில்லை.

வெளியே நடந்தது வேறு.

எமில்ராஜ் முதல் விலையைச் சொன்னதும் மேர்சியின் விரல் எழுந்தது. அதை மேவி, பட்டணத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற லெனாட்டின் விரல் எழுந்தது. அந்த நேரத்தில், முன்வரிசையில், பேதுருவின் முழங்காலிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. விரலைப் பார், வேறெதையும் பார்க்காதே என்று எமில்ராஜுக்குப் பழக்கிவிட்டவரே பேதுரு. அவன் விரலைப் பார்த்தான். ஒவ்வொரு விரலுக்கும் விலையை ஏற்றினான். தன் கேள்வியைத் தானே மேவிக் கேட்கிற மனுசனை அவன் அதுவரை கண்டதில்லை. கோயில் காரியமென்று அத்தான் மனம் விட்டுக் கேட்கிறார் என்று நினைத்தான். லெனாட் இன்னொருமுறை கேட்டுப் பார்த்தார். மறுபடி மூன்று விரல். அவர் கையைத் தூக்கிக் கும்பிட்டு விலகினார். சனம் கை தட்டியது. கை தட்டத் தட்ட விரல் எழுந்துகொண்டே இருந்தது. இனியும் விட்டால் அத்தான் வீட்டை விற்றுப்போடுவார் என்று பயந்து எமில்ராஜ் அவசர அவசரமாக முடித்தான்.

"ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்! பேதுரு அத்தானுக்கு!"

பெயரைக் கேட்டுப் பேதுரு கண்ணைத் திறந்தார். காலடியில் கலவாய் கிடந்தது. அது அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். சுவாமியார் ஒலிபெருக்கியை வாங்கி, இந்த முற்றத்தில் இதுவரை கேட்ட விலைகளிலெல்லாம் பெரிய விலை இது என்று சொல்லி நன்றி கூறிக்கொண்டிருந்தார்.

நடந்தது விளங்க ஒரு மூச்சு நேரம் பிடித்தது. விளங்கியதும் உடம்பிலுள்ள இரத்தமெல்லாம் கழுத்துக்கு ஏறியது. நான் கேட்கவில்லை! கண்ணை மூடியிருந்த மனுசன் எப்படியடா ஏலம் கேட்பான், விசரா! சொல் முழுதாகத் திரண்டு தொண்டையில் நின்றது. வாயும் திறந்துவிட்டது. ஏல மேசைக்கு அப்பால் பெண்களோடு நின்ற யசிந்தா அந்த வாயைக் கண்டாள். அவளுடைய கை தன்னையறியாமல் தன் கழுத்தைப் பிடித்தது.

பேதுருவின் கண்ணில் பட்டது அந்தக் கைதான்.

தன் தொண்டை வலைக்கயிறு மாதிரி முறுகி நிற்பதை அப்போது அவர் உணர்ந்தார். ஜெயனியின் விரல் அங்கே இருந்திருந்தால் இறுக்கத்தில் தெறித்திருக்கும். மூச்சு ஒன்று உள்ளே போனது. நிதானமாக வெளியே வந்தது. நுளம்பு கடித்தாலும் பாம்பு கடித்தாலும் மீன் உங்களுடையது என்று சொன்ன வாய் எது? அதுவும் இதே வாய்தான். இன்னொரு மூச்சு. விரலை உயர்த்தவில்லை, இனி அந்த முற்றத்தில் விரலை உயர்த்துகிற விசர் அவருக்கு இல்லை. கையைப் பொத்திப் பிடித்தபடி, விரலே இல்லாமல், அந்தக் கோபத்தை விட்டார். போனது.

வாயை மூடினார். எழுந்து சனத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மேர்சி மட்டும் கிட்ட வந்து குனிந்து காதோடு சொன்னாள்: "அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு ஏலம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். நுளம்பு கடிச்சுதோ?"

பேதுருவின் வயிறு குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தார், கண்ணால் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். மேர்சி பயந்துபோய் யசிந்தாவைக் கூப்பிட்டாள்.

அன்று பின்னேரம் கலவாயின் தலை பெரிய பானையில் கூழுக்குள் இறங்கியது. ஒழுங்கையில் இருந்த அத்தனை வீட்டுக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். மேர்சி சொல்லி விசயம் தெரிந்து எமில்ராஜ் ஓடி வந்தான்.

"அத்தான், சத்தியமாய் எனக்குத் தெரியாது. நான் விரலைத்தான் பாத்தன்."

பேதுரு அவனுக்குக் கூழை வார்த்து, ஒரு பெரிய மீன்துண்டையும் தேடி எடுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் மறுபடி குழாய் மூக்கு வழியாகப் போனது. டொக்டர் திரையைப் பார்த்தார். படத்தை நிறுத்தி இன்னொருமுறை பார்த்தார்.

"இளகிப் போச்சு. கத்திக்கு வேலையில்லை. என்ன செய்தியள் ஐயா? மெல்லமாய்க் கதையுங்கோ, பாப்பம்."

பேதுரு இவ்வளவு நாளும் தேக்கி வைத்த பெருமையையெல்லாம் அவிழ்க்க வாயைத் திறந்தார். வந்தது ஒரு சின்னக் குரல். கிணற்றடியில் மெல்லக் கதைக்கிற மனுசனின் குரல்.

"சும்மா இருந்தனான்" என்றார்.

ஜெயனி பக்கத்தில் நின்று சிரித்தாள். "இனிக் கத்தக் கூடாது. ஒலிபெருக்கிதான். பிறகு, ஐயா, அந்த இருப்பு..."

"நாளைக்கும் இருக்க வேணும்" என்றார் பேதுரு.

சந்தைக்குத் திரும்பிய நாளில் அவர் பெட்டியில் ஏறி, எமில்ராஜிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கினார். கூடைக்காரப் பெண்களெல்லாம் முன்னால் வந்து நின்றார்கள். இனி ஒரு மணித்தியாலத்துக்குத் தற்புகழ்ச்சி என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பேதுரு ஒரு மூச்சு எடுத்துவிட்டு, அந்தப் புதுக் குரலில் சந்தைக்கு இரண்டாவது சட்டத்தைப் போட்டார்.

"இனி விரலைப் பாக்க முன்னம் கண்ணைப் பாக்கிறது. கண் மூடியிருந்தால் கேள்வி இல்லை."

"அப்ப அந்தக் கலவாய்?" என்று மேர்சி கத்தினாள்.

"அது பழைய சட்டம். குடுத்தது குடுத்ததுதான்." பிறகு தலையை நிமிர்த்தி, "கோயில் முற்றத்திலை அந்த விலைக்கு ஒருத்தரும் மீன் வாங்கினதில்லை. இனியும் வாங்கமாட்டினம்" என்றார். எவ்வளவு இளகினாலும் பேதுரு பேதுருதானே.

அன்று முதல் எமில்ராஜ் ஒரு குவியலைக் கூற, அடுத்த குவியலைப் பேதுரு கூறுகிறார். இந்த ஏற்பாட்டை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவராகச் செய்தது. தொண்டை சுகமாகிய பிறகும் விறாந்தைக் கதிரை அந்த இடத்திலேயே இருக்கிறது. விடியற்காலை மணி அடித்ததும் அவர் அதில் இருப்பார்.

சில நாளில் வள்ளங்கள் வழக்கத்தைவிட வேளைக்கு வந்துவிடும். எமில்ராஜ் சைக்கிளில் வந்து ஒழுங்கையில் நின்று அண்ணாந்து பார்ப்பான்.

"அத்தான்! வள்ளம் வந்திட்டுது!"

முன்னைய பேதுருவென்றால் அதற்கு வருகிற பதில் மண்டைதீவுக்குக் கேட்கும். இப்போது முழங்காலிலிருந்து ஒரு விரல் எழும்பும். பிறகு இன்னொன்று.

"அத்தான், உது என்ன, கேள்வியோ?"

அடுப்படி யன்னலால் யசிந்தாவின் குரல் வரும்.

"கண்ணைப் பாரடா!"

எமில்ராஜ் பார்ப்பான். கண் மூடியிருக்கும். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, மூன்றாவது விரல் எழும்பும் வரைக்கும் அவனும் பேசாமல் நிற்பான்.